நடுங்கும் விரலுக்கு ஒரு பொத்தான்

ஒரு தனிநபரின் வசதிக்காகப் பொதுப் படிவத்தில் மாற்றம் செய்யக்கூடாது என்பது விதி. உத்தியோகத்தில் இருந்தவரை அதைக் காட்டி எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிறகு என் மனைவிக்குக் கை நடுக்கம் வந்தது.

அவள் தம்பி திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருக்கிறான். போனில் கேட்பவர்களுக்கு இணையதளத்தில் அறை பதிவு செய்வது, கோவில்பத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடியே, அவள் வேலை. நடுக்கம் வந்த பிறகு ஒரு முறை தொட்டால் திரையில் இரண்டு முறை பதிந்தது. ஒரு சனிக்கிழமை ஒரே குடும்பத்தின் பேரில் இரண்டு அறை. வேறொரு குடும்பம் இடமில்லாமல் வாசலில் நின்றது. தம்பி மென்மையாகத்தான் சொன்னான்: "போதும்க்கா, நீ ரெஸ்ட் எடு." அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்தத் தளத்தைச் செய்த நிறுவனத்தில்தான் எங்கள் மருமகளுக்கு வேலை. லேப்டாப்போடு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விழும் விதத்தை வெகுநேரம் பார்த்தாள். 'பதிவு செய்' என்னும் பொத்தானை ஒரே ஒரு முறைதான் எழுதுவார்களாம். எல்லா லாட்ஜ்களின் பக்கங்களிலும் அதையே எடுத்து வைப்பார்களாம்.

"அப்ப உங்க அத்தைக்கு மட்டும் தனியா ஒண்ணு செஞ்சிடும்மா," என்றேன். நிர்வாகம் தெரிந்தவன் யோசனை.

"நாளைக்குப் பொதுவானதை மாத்துறப்ப அந்தத் தனியானதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க மாமா. உங்க ஆபீஸ்ல ஸ்பெஷல் ஃபைல் எல்லாம் எங்க போச்சு?"

"பீரோவுக்கு மேல," என்றாள் மனைவி.

மருமகள் பொதுப் பொத்தானையே மாற்றினாள். அகலம் கூடியது. ஒரு முறை தொட்டால், பதிவு முடியும் வரை அடுத்த தொடுதலை அது வாங்காது. மனைவி திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே அறை. ஆனால் அது மருமகளின் லேப்டாப்பில் மட்டும். தளத்தில் ஏற குழுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

ஒரு வாரம் பதில் இல்லை. பார்வை எண்ணோடு நினைவூட்டுக் கடிதம் ஒன்று வரைந்து கொடுத்தேன்.

"இதை அனுப்புனா என் வேலை போயிடும் மாமா," என்று சிரித்துவிட்டு, தானே ஒரு வரி எழுதி அனுப்பினாள்: எங்கள் அத்தைக்காகச் செய்தது, கை நடுங்குகிற எல்லாருக்கும் ஆகும்.

அந்த நாட்களில் தம்பி போன் செய்தால் நான்தான் எடுத்து, "தூங்குறா," என்பேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒப்புதல் வந்த அன்று அவளே அவனை அழைத்தாள். "நாளைக்குக் கூட்டம் இருக்கும்ல. போனை என் பக்கம் திருப்பி விடுடா."

அது புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை.