அட்டையில் இருந்த தேதி

முனைவர் பட்டம் வாங்கியும் மூன்று வருடம் பென்னலூர் வீட்டில் சும்மா இருந்த எனக்கு, போலந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. பத்து மாத ஒப்பந்தம்தான். வீட்டில் பர்மனென்ட் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற மரியாதை எந்தப் பட்டத்துக்கும் கிடையாது. அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருபது வருடம் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்து ஓய்ந்தவர். அவரிடம் போய் பத்து மாதம் என்று எந்த வாயால் சொல்வது?

அம்மா விடுவாளா? 'மகளுக்கு நிரந்தர வேலை கிடைத்ததற்கு நன்றியாக' என்று மாதா கோயில் ஞாயிறு பூசையில் வாசிக்க எழுதிக் கொடுத்துவிட்டாள். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

போய்ச் சேர்ந்த வாரமே பெருமை தாங்காமல் புது அடையாள அட்டையைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். "போட்டோ நல்லா கீது பாப்பா" என்றார்.

பத்து மாதம் முடிந்ததும் என் மேசைக்கு வேறொருவர் வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். லீவு என்றேன். அம்மா மீன் குழம்பு வைத்து அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டாள். நான் முள் எடுக்கிற சாக்கில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது அப்பா பின்னாலேயே வந்தார்.

"இன்னா பாப்பா, ரினிவல் பண்லியா?"

ஈரத்துணி கையிலேயே நின்றது. "உனக்கு எப்டிப்பா தெரியும்?"

"கார்டுலதான் முடியிற தேதி போட்டுகீதே. பர்மனென்ட் கார்டுல ஏது தேதி?"

கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் அட்டையை நீட்டினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தேதியைத்தான் பார்ப்பார் என்பது என் முனைவர் மூளைக்கு எட்டவில்லை. எல்லாம் தெரிந்தே அத்தனை மாதமும் வீடியோ காலில் சிரித்திருக்கிறார். வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

"அம்மாக்கு லீவுன்னே இருக்கட்டும். நானும் அப்டித்தான சொல்லிகினு இருந்தேன்" என்றார்.

சின்ன வயதில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் அப்பா வீட்டில் இருப்பார். சைக்கிளில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார், பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். ஒப்பந்தம் முடிந்து, மறுபடி கூப்பிடுவார்களா என்று தெரியாமல் அவர் காத்திருந்த நாட்கள் அவை. அடுத்த லீவு எப்போது, எப்போது என்று அவரையே நச்சரித்துக்கொண்டிருந்தேன் நான்.