மழை நாளில் பிறந்தவள்

நான் எழுதிக்கொண்டிருக்கும் சரித்திர நாவலில் ஒருவன் எதையுமே மறப்பதில்லை. ராஜா காலத்து உப்பளத்து ஊர். சபையில் யார் என்ன பேசினாலும் அது அவன் மனதில் அப்படியே தங்கிவிடும். ஓலை தேவையில்லை, அவன் வந்து நின்றால் போதும். இதுதான் என் முதல் நாவல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தக் காலத்துக் குழம்பில் மிளகாய் உண்டா, வேட்டியை எப்படிக் கட்டினார்கள் என்று வரிக்கு வரி பயம். படித்தவர்கள் யாரையாவது கேட்கலாம் என்று போனை எடுப்பேன். எண்ணைப் போடுவதற்குள் வைத்துவிடுவேன். இதுவரை என் மகள் மட்டும் படித்திருக்கிறாள். “உன் ஆளு டேப்ரெக்கார்டர் மாதிரி இருக்கான்பா. அவனப் பாத்தா பயமும் வரல, பாவமும் வரல” என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. அவனை நான் என் அத்தையிடமிருந்துதான் எடுத்திருந்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். அப்பாவோடு உப்பளத்துக்குப் போய் உப்பு வாருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது என்பது அவள் வாயில்தான் இருந்தது. அம்மை போட்ட வருஷம், எள்ளு அறுப்பு, செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் என்று சொல்லுவாள். ஜோசியர் அதை வைத்துப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி ஜாதகம் எழுதிவிடுவார். அவள் சொன்னது சரிதானா என்று யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அக்கா பிறந்த கதை எனக்கு மனப்பாடம். வெயில் காலத்தில் எதிர்பாராத பெருமழை. வாரிக் குவித்திருந்த உப்பெல்லாம் கண்ணெதிரே கரைந்து ஓடியது. அப்பா வெறுங்கூடையோடு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது உள்ளே அக்காவின் அழுகுரல் கேட்டது. கோடையில் வானம் கருத்தால் அத்தை இதை என்னிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள்.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது அக்காவுக்குக் கீழ்புத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை அக்கா முன்பே எங்கேயோ பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் எடுக்கக்கூடத் தலையில் பூ வைத்துக்கொண்டு போனாள். ஆனால் அம்மாவும் அத்தையும் திண்டிவனத்துக்குப் போய் யாரோ ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். மூலம் என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அந்த நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாரின் உயிருக்கு ஆகாதவள் என்று ஒரு பயம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். அவருக்கு மூச்சிரைப்பு. அவர்கள் கூட்டி வந்த ஜோசியர் பாயில் பஞ்சாங்கத்தை விரித்தார்.

“ஒங்க வாயால சொல்லுங்கம்மா. நீங்க சொல்லிட்டா நாங்க வேற எங்கியும் விசாரிக்கப் போறதில்ல” என்றார் அந்தப் பெரியவர், அத்தையைப் பார்த்து.

அத்தை நிதானமாகச் சொன்னாள். “உப்பு கரைஞ்ச பெருமழைக்கு அடுத்த வருஷங்க. மாசி மகம். சாமிங்கெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்து நின்ன நேரம்.”

மகம் என்றால் ராசியான நட்சத்திரம், மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம் என்று ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடினார்.

அத்தைக்கு மறந்துவிட்டது. அத்தைக்கே மறந்துபோனால் அப்புறம் எதைத்தான் நம்புவது? நான் பிறந்த நாளும் தப்பாக இருக்குமோ? யாராவது அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று தவித்தேன். அப்பாவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்த, அக்கா மழ அன்னிக்குத்தான பொறந்துச்சி? நீதான சொன்ன?”

பெரியவர் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

அத்தை கோபப்படவில்லை. என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். “அது முன்ன பொறந்த புள்ளடா கண்ணு. ஒரு வாரங்கூட தங்கல. ரெண்டயும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிற.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை யாராலும் சந்தேகப்பட முடியாது. வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள். “செக்கச்செவேல்னு இருந்துச்சி. நான்தான் தண்ணி ஊத்தி சாம்பிராணி காட்டினேன்” என்றாள்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. செத்துப்போன பெண் பிள்ளை இருக்கிற வீட்டில், கல்யாணத்துக்கு முன்னால் அவளை அழைத்து, துணி வைத்து, பூவாடைக்காரி படையல் போடாவிட்டால் அவள் மனம் நோகும், தங்கச்சிக்கு நல்லதில்லை, மறக்காமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெண்ணுக்குப் பூ வைத்தார். அப்பா தலையாட்டினார்.

அப்படி ஒரு குழந்தை பிறக்கவே இல்லை. அத்தை காலமான பிறகுதான் அக்கா இதை என்னிடம் சொன்னாள். அதற்குள் அவளுக்கே தலை நரைத்துவிட்டது. மாமனார் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, மூச்சிரைப்போடேயே நெடுநாள் இருந்துதான் போனார். அதுவரை சம்பந்தி வீட்டில் யார் கேட்டாலும் அத்தை அந்தக் குழந்தையின் கதையை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பொய் சொன்னால் நாளடைவில் அதையே உண்மையென்று நம்பிவிடுவார்கள். அவளால் அது முடியாது. இரண்டையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டும். என் நாவலில் அவன் சபையில் எழுந்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். அவனை அங்கே பொய் சொல்ல வைக்கலாமா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். எழுத உட்கார்ந்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

படையல் கல்யாணத்துக்கு முந்தின வாரம், காலையில் நடந்தது. குளத்திலிருந்து செம்பில் தண்ணீர் எடுத்து, மஞ்சள் கலந்து, செத்துப்போனவளை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தோம். இலை போட்டு, புதுப் பாவாடை, வளையல், மல்லிகைப்பூ எல்லாம் வைத்தார்கள். எனக்கு இல்லாமல் போன அந்த அக்காவின் மேல் அதற்குள் ஒரு பாசம் வந்துவிட்டது. அவள் பெயர் என்னவென்று கேட்டேன். எதற்கும் யோசிக்காத அத்தை கொஞ்சம் யோசித்து, “பேரு வைக்கறதுக்கு முன்னயே பூட்டாடா” என்றாள். பாவமாக இருந்தது. என்னிடமிருந்த ஆரஞ்சு மிட்டாயை இலை ஓரத்தில் வைத்தேன்.

மழை நாளில் பிறந்தவளுக்கென்று போட்ட இலை. மழை நாளில் பிறந்தவளோ அம்மாவின் பக்கத்தில் மஞ்சள் பூசி நின்றுகொண்டிருந்தாள். அம்மா ஒரு கையால் கற்பூரம் காட்டினாள். இன்னொரு கையால் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலிக்கிறது என்று அக்கா முனகியும் விடவில்லை. அம்மாவின் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. செத்துப்போனவள் வந்து அக்காவை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயப்படுகிறாள்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

“அவ ஒண்ணும் பண்ண மாட்டாம்மா, நல்லவதான்” என்று அம்மாவின் காதருகே சொன்னேன்.