சரிவில் தள்ளிய சைக்கிள்

எழுபதுகளின் கடைசியில் ஒடுகத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனவன், வாடகை சைக்கிளில் ஜவ்வாது மலைச்சாலையில் ஏறிப் பார்த்தேன். எதிரே ஒருவர், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் சுமந்து ஓடிவந்தார். கீழே ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லையாம். சைக்கிளைக் கொடுத்தேன். குழந்தையைக் கேரியரில் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு மிதித்தார்.

பொழுது சாயும்வரை புளியமரத்தடியில் காத்திருந்ததில் எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. அப்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக ஏறி வந்தார்.

“பாப்பா போய்டுச்சுங்க. துண்ட மேல போத்திட்டு வந்தேன். நீங்க காத்துனு இருப்பீங்களே.”

“பின்னாடி உக்காருங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றேன்.

கேரியரைப் பார்த்தார். “நடந்தே போலாங்க.”

மிதிக்காமலே ஓடும் சரிவு அது. அடிவாரம்வரை பிரேக்கைப் பிடித்தபடியே அவரோடு நடந்தேன். அதன்பின் யார் தாமதமாக வந்தாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.