முடிவைச் சொல்லும் ஊரிலிருந்து

இங்கே சினிமாக் கதை சொல்ல வாயெடுத்தால் மனிதர்கள் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் மாதம், ஆய்வகத்தில் காப்பி குடிக்கும்போது, விமானத்தில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி ஆசையாக ஆரம்பித்தேன். எதிரே இருந்த ஹெல்கா, வேலையில் எனக்கு மூத்தவர், "வேண்டாம், வேண்டாம்" என்று காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்துபோனேன். படத்தின் முடிவைச் சொல்வது இங்கே அடுத்தவர் தட்டில் கைவைப்பதற்குச் சமம் என்பது பிறகுதான் விளங்கியது.

கடலூரில் எல்லாம் நேர் எதிர். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி லேபில் நான் வேலை பார்த்தபோது, மச்சான் முறையுள்ள குமரவேல் எந்தப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவான். மறுநாள் கம்பெனி பஸ் மஞ்சக்குப்பத்தில் கிளம்பினால் சிப்காட் கேட் வரைக்கும் அவன் கதைதான். சண்டைக்கு வாயாலேயே சத்தம் கொடுப்பான். "கடைசில அண்ணங்காரன் செத்துருவான் மச்சான், கர்சீப் எடுத்துக்கினு போ" என்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கர்சீப்போடு போய் அழுதுவிட்டு வருவோம். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரியாதவர் யார்? தெரிந்துதானே இடம்பிடித்து உட்காருகிறோம். கதையைச் சொல்வது எங்கள் பக்கத்தில் ஒரு உபசாரம்.

2009இல் கல்யாணமாகி மூன்றாவது வாரமே இங்கு வந்துவிட்டேன். என் மனைவி மலர்விழி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஒருவரையொருவர் சரியாகத் தெரிந்துகொள்வதற்குள் பிரிந்துவிட்டதால், போனில் பேச எங்களுக்கு ஒன்றுமே இருக்கவில்லை. "சாப்ட்டீங்களா? குளுரு ஜாஸ்தியா?" என்பாள். ஒருமுறை, "அங்க வந்து நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டாள். அவள் வருவாளா, மாட்டாளா என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் என் கவலை.

அப்போதுதான் அந்தப் படங்கள் வந்தன. உலகமே பார்த்த விண்வெளிப் படத் தொடர், மொத்தம் ஆறு பாகம். அதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்றதும், சிதம்பரத்தில் பிறந்து கோபுரத்தைப் பார்க்காதவனைப் போல ஹெல்கா என்னைப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் மதியம் அவர் வீட்டுக்கு வரவேண்டும், வாரம் ஒரு பாகம் என்று ஏற்பாடாகிவிட்டது. சூப்பும் ரொட்டியும் அவருடைய கணவர் யூர்கன் பொறுப்பு. இந்த ஊரில் எனக்குத் திறந்த முதல் வீடு அது.

கதை இதுதான். ஒரு பெரிய கப்பலில் ஜனங்கள் நட்சத்திரம் நட்சத்திரமாக அலைகிறார்கள். சொந்தக் கோளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்று தலைவன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை மலரிடம் சொன்னேன். முதல்முறையாக அவள் கேள்வி கேட்டாள். "அந்தக் கப்பல்ல தண்ணிக்கு என்னங்க பண்றாங்க? புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கா?" அடுத்த சனிக்கிழமை, சண்டைகளை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் எங்காவது தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். போன் கார்டு தீரும்வரை பேச எங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

ஆனால் அவளுக்குப் பொறுமை இல்லை. "மேல வீதியில தமிழ் டப்பிங் சிடி கெடச்சுதுங்க. மொத மூணு பாகத்தையும் ஒரே நாள்ல பாத்துட்டேன்" என்றவள், எனக்கும் சேர்த்துச் சொன்னாள். "தலைவருக்கு மொதல்லேர்ந்தே தெரியுங்க. கப்பல் ஊருப் பக்கம் திரும்பவே இல்ல. ஜனங்களத் தேத்துறதுக்குச் சொல்லிக்கினே வந்துருக்காரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு." சொல்லும்போதே குரல் உடைந்தது. அன்றைக்குத்தான் அவள் என் மனைவியானாள் என்று தோன்றியது. இனி வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

மூன்றாம் பாகம் பார்த்த சனிக்கிழமை, தலைவன் உண்மையைச் சொல்லும் இடம் வந்தது. ஹெல்காவும் யூர்கனும் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வாரம் சூப்பு ஊற்றியதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்பது எனக்கு எங்கே தெரியும்? "ஆமாம், நல்ல கட்டம்" என்று நிதானமாகச் சொன்னேன். இருவர் முகமும் வாடிவிட்டது.

"உனக்கு முன்பே தெரியுமா? யார் இந்தக் கொடுமையைச் செய்தது?" என்றார் ஹெல்கா.

கொடுமை என்று கேட்டபிறகு மனைவி பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பழியைக் குமரவேல் மேல் போட்டேன்.

"அவன் உனக்கு எதிரியா?"

"இல்லை, மச்சான் முறை. அன்பில்தான் சொன்னான்."

ஹெல்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். என்ன புரிந்துகொண்டாரோ!

கோடை விடுமுறையில் மலர் வந்தாள். இனி இங்கேயே இருக்க வந்துவிட்டாள் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் மனைவியாவது தெரியாமல் பார்க்கட்டும் என்று ஹெல்கா மறுபடி முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தார். "தெரியாத மாதிரி இரு, அவுங்க பாவம்" என்று மலருக்குச் சொல்லி வைத்தேன். சிரித்தாள். மூன்றாவது சனிக்கிழமை, அந்தக் கட்டத்துக்குச் சற்று முன்னால், என் காதருகே வந்தாள். கதைதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் வேலைய விடலங்க. லீவுக்குத்தான் வந்துருக்கேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள போறேன். அங்க நான் டீச்சரு, இங்க யாருங்க? நீங்க எப்ப வருவீங்க? அத மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

திரையில் தலைவன் உண்மையைச் சொன்னான். மலர் குலுங்கி அழுதாள். நடிக்கச் சொல்லி அழைத்து வந்தவன் நான், அது நடிப்பில்லை. ஹெல்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். மலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக. அந்தப் பக்கத்திலிருந்து ஹெல்கா உதட்டில் விரலை வைத்து, இனி வரப்போவதை அவளிடம் சொல்லிவிடாதே என்று எனக்குச் சைகை காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.