மோல்திர் ஊற்றிய பாதிக் கிண்ணம்

கசகஸ்தானின் அல்மாத்தி நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, அந்த ஒயரக் கொஞ்சம் தூக்கு." தூக்கினேன். தூசியோடு வெளியே வந்தவர் மோல்திர் அக்கா. ஆடு மேய்க்கும் எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எங்க வீட்லயும் நான்தான் மொத ஆளு. வா, வேலையப் பாப்போம்."

அவர் உருவாக்கிக்கொண்டிருந்தது எங்கள் கிளவுட் நிறுவனத்தின் கேஷ் சேவை. ஒரே கேள்வியை லட்சம் பேர் கேட்டாலும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தொந்தரவு செய்யாமல், பதிலைக் கைக்கெட்டும் இடத்தில் சிறிது நேரம் வைத்திருப்பது அதன் வேலை. வசந்தகாலப் புத்தாண்டான நவ்ரிஸ் பண்டிகையின் ரயில் முன்பதிவு அதை நம்பியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒத்திகையில், சரியாக ஒரு மணி நேரம் ஓடியதும் தரவுத்தளம் படுத்துவிட்டது. இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டோம்.

"திங்கக்கெழமையும் விழுந்துச்சுன்னா இத மூடிட்டு வெளிநாட்டுக்காரன்கிட்ட வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றார் இயக்குநர் தாவ்லெத்.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் பதினாறு விருந்தாளிகள், நானும் ஒருவன். கசாக் வழக்கப்படி தேநீர் ஊற்றுவது வீட்டு மருமகளான அக்காவின் பொறுப்பு. பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். அக்கா போனில் இருந்தபோது கணவர் ஒல்ஷாஸ், வேலை சீக்கிரம் முடியட்டுமென்று பதினாறையும் விளிம்புவரை நிரப்பிவிட்டார்.

"என்னடா மருமகனே, ஒரேயடியா எல்லாரையும் தொரத்துற?" என்றார் ஒல்ஷாஸின் தாய்மாமா. வீடே சிரித்தது. குடித்து முடித்ததும் பதினாறு கிண்ணங்களும் ஒன்றாக நீண்டன. வெந்நீர் கொதிக்கும் சமோவாரில் சொட்டு இல்லை.

அக்கா நீண்ட கிண்ணங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தம்பி, கேஷ்ல இருக்குற பதிலுக்கெல்லாம் எவ்ளோ நேரம் ஆயுசு குடுத்த?"

"ஒரு மணி நேரங்க்கா."

"எல்லாத்துக்குமா? நீயும் இவரும் ஒரே ரகம்டா!"

எல்லாப் பதில்களும் ஒரே நொடியில் காலாவதியாகி, கேள்விகள் மொத்தமாகத் தரவுத்தளத்தின் மேல் பாய்ந்திருக்கின்றன. அங்கேயே மடிக்கணினியைத் திறந்தோம். ஒவ்வொரு பதிலுக்கும் வெவ்வேறு ஆயுள் வைத்தார். அது தீரும் முன்பே ஒரே ஒரு கேள்வி போய்ப் புதுப் பதிலை எடுத்துவரும். மற்றவர்கள் அதுவரை பழையதைப் பெறுவார்கள்.

திங்கள் காலை பத்து மணிக்கு முன்பதிவு திறந்தது. பதினொன்று ஆனது. திரையில் தரவுத்தளத்தின் சுமையைக் காட்டும் கோடு அசையவில்லை. பன்னிரண்டுக்குத் தாவ்லெத் வந்தார்.

"இன்னும் விழலையா?"

"விழாதுண்ணே. டீ குடிங்க" என்று அக்கா அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார்.

தாவ்லெத் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "புரிஞ்சுதும்மா, கெளம்புறேன்!"

இன்று அந்தச் சேவையை நாற்பத்திரண்டு நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. மோல்திர் அக்கா அதன் தலைமைப் பொறியாளர்.