மாமா திறந்த சலூன்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'ஆதாரம்'. பி.ஏ. வரலாறு சேர்ந்த முதல் வருடமே வைத்துவிட்டார்கள். பால் பொங்கி வழிந்துவிட்டது என்று அம்மா சொன்னால்கூட, "நீ கண்ணால பாத்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்பாள். "அடுப்பைத் துடைச்சதே நான்தான்டி" என்றால், "அப்ப வழிஞ்சதுக்கு அப்புறம்தான் பாத்திருக்க" என்பாள். அம்மா கரண்டியோடு திரும்பும்போது அவள் தெருவில் இருப்பாள்.

வரலாறு படிக்கிறாள் என்று கேட்டதும் உறவினர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று. இடமெல்லாம் கிடைத்தது. அவள்தான் வேண்டாம் என்றாள். பெரியப்பா ஒருவர்தான் அவள் பக்கம் நின்றார். "படிக்கட்டும். இந்தக் குடும்பத்துல நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு ஆள் வேணும்." அதையும் அவர் தன் தம்பியிடம், அதாவது அவளுடைய அப்பாவிடம், நேராகச் சொல்லவில்லை. சலூனில் முடிவெட்ட வந்து உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சலூனில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிறவர்கள். பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. காரணம் ஊருக்கே தெரியும்: கடையில் இருப்பது ஒரே ஒரு ஃபேன், அது யார் பக்கம் திரும்புவது என்பதில் தொடங்கியது. சத்தம் போட்டுத் தீர்த்திருக்கலாம். இரண்டும் வீம்பு பிடித்த கட்டைகள், வாயை மூடிக்கொண்டுவிட்டன. அதன்பிறகு எதுவானாலும் நாற்காலியில் இருப்பவர் மூலமாகத்தான். "சார், அந்தச் சின்னக் கத்தரியை இப்படித் தள்ளச் சொல்லுங்க" என்பார் அப்பா. "எடுத்த இடத்துல வைக்கணும்னு சொல்லுங்க சார்" என்பார் பெரியப்பா. கழுத்தில் துணியோடு அசைய முடியாமல் இருப்பவர் இரண்டையும் ஒப்பித்துவிட்டுப் போவார்.

அவளுடைய கடைசி வருடத்தில் பெரியப்பா எதிர்ச் சாரியில் ஒரு கடை பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவள் படிக்கவே கற்றுக்கொண்டாள். போகாதீங்க என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஆராய்ச்சி ஒன்றுதான். கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். கடையின் வரலாற்றையே எடுத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் போனாள். "கடையா? நான்தான் திறந்தேன். நானே வெள்ளையடிச்சு, நானே நாற்காலியை இறக்கினேன்." அண்ணன் என்று ஒருவர் பிறந்ததாகவே அந்தக் கதையில் இல்லை. பெரியப்பாவிடம் போனாள். அதே வெள்ளை, அதே நாற்காலி, ஆனால் தம்பி இல்லை. "கூட யாருமே இல்லையா?" என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டாள். "உன் மாமா இருந்தான்" என்றார் அப்பா. "உங்கம்மாவோட தம்பி நின்னான்" என்றார் பெரியப்பா. மாமாவிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. "நான் இல்லைன்னா அந்தக் கடை ஏது?" என்பதை அவர் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லுவார்.

ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை நம்பலாம் என்று பேராசிரியை வகுப்பில் சொல்லியிருந்தார். பாடத்தைப் பிசகாமல் பின்பற்றினாள் அவள்.

ஞாயிறு காலை, ஸ்பேனரோடு மெக்கானிக் வந்து, பெரியப்பாவின் நாற்காலிக்குக் கீழே குனிந்தாயிற்று. அப்பா முன்னால் பாங்க் குமாஸ்தா, முகமெல்லாம் நுரையாக. பெஞ்சில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னமோ எழுதினியாமே, படி. கேட்டுட்டுப் போறேன்" என்றார் பெரியப்பா. அவள் படித்தாள். கடைசியில் முடிவுரை: "கிடைத்த சான்றுகளைக் கொண்டு பார்க்கையில், இந்தச் சலூனை நிறுவியவர் மாமாவே."

மாமா பேப்பரைத் தாழ்த்திப் புன்னகைத்தார்.

"என்னது?" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில்.

"இவனா?" அப்பா கத்தியை ஆட்டினார். குமாஸ்தா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். "கண்ணாடியைத் தூக்கிட்டு வாடான்னா, வாசல்லயே போட்டு உடைச்சவன் இவன்."

"உடைச்சது மட்டுமா? நாம ரெண்டு பேரும் கண்ணாடித்துண்டு பொறுக்கிட்டிருக்கோம், இவன் டீ குடிக்கப் போயிட்டான். நீ விரலைக் கிழிச்சுக்கிட்டியே, ஞாபகம் இருக்கா?"

"நீதானே அண்ணே துணி கட்டிவிட்ட."

"வெள்ளையடிச்சப்ப ஏணியைப் பிடிச்சது யாரு, இவனா?"

"நீ மேல, நான் கீழ. சுண்ணாம்பு பூரா என் தலையில."

மெக்கானிக் நாற்காலிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கழட்டவா, வேண்டாமா?"

"இருய்யா" என்றார் பெரியப்பா. "இங்க வரலாறே தப்பாக் கிடக்கு, நீ வேற."

மாமா பேப்பரை மடித்துவிட்டு நைசாக வெளியேறினார். அவள் பேனாவைத் திறந்து முடிவுரையை அடித்தாள். கண்ணில் நீர் முட்டி, எழுத்து சரியாகத் தெரியவில்லை.

"அடிச்சிட்டேன். இப்ப யாருன்னு எழுதட்டும்?"

இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஃபேன் அப்பா பக்கமே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவின் முகத்தில் பாதி நுரை காய்ந்துவிட்டது. பெரியப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்பா குமாஸ்தாவின் பக்கம் குனிந்தார். பழக்கம் சும்மா விடுமா?

"சார், ஃபேனை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கச் சொல்லுங்க. ரொம்ப வேர்க்குது அவருக்கு."

குமாஸ்தா சொல்வதற்காக வாயைத் திறந்தார். பெரியப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"சார் எதுக்குடா நடுவுல? என்கிட்ட சொல்லு."