பெரியவளாகாமலே நடந்த சீர்

வள்ளியாத்தாளைப் போத்தனூர்ப் பக்கம் எல்லாரும் வாயாடி என்பார்கள். பால் சொசைட்டியில் அளவு குறைந்தால் செக்ரட்டரியையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், தொண்ணூற்றாறு ஆவணியில், ஆர்.எஸ்.புரத்துக் கிளினிக்கில் டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகள் லோகப்பிரியாவுக்குப் பதினாறு வயசாகியும் இன்னும் பெரியவளாகவில்லை என்றுதான் கூட்டி வந்திருந்தாள். டாக்டரம்மா பிள்ளையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"கர்ப்பப்பையே இல்லீங்க. குரோமோசோம் ஆம்பளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா அதுக்கான ஹார்மோனை உடம்பு ஏத்துக்கல, பொண்ணாவே வளந்துட்டா. இப்படியும் சில பிள்ளைக பொறக்கும். உங்க தப்பு இல்லீங்க."

"அப்ப அவ பையனுங்களா?"

"பொண்ணுதாங்க. வயசுக்கு வரமாட்டா, குழந்தை பொறக்காது, அவ்வளவுதான். இப்போதைக்கு அவகிட்டச் சொல்லாதீங்க."

சொல்லாதே என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். ஊர் வாயை யார் அடைப்பது? "ஏனுங்க அம்மணி, இன்னுமா?" என்று குழாயடியில் ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு, வள்ளியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "எம் புள்ள பெரியவளாயிட்டா" என்று சொல்லிப்போட்டாள். மகளிடம், "யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லு கண்ணு" என்றாள். அடி பைத்தியக்காரி! பெரியவளானால் சீர் வைக்க வேண்டும், சீர் என்றால் தாய்மாமன் வர வேண்டும் என்று கொஞ்சமாவது யோசித்தாளா?

கொடுமுடியிலிருந்து அண்ணன் பொங்கியண்ணன் வேன் நிறையச் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். தங்கச்சிக்கு இதுவரை ஒரு குறையும் வைக்காத மனுசன். மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் பட்டைப் போர்த்திவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "உரிமைப் பொண்ணுங்க. தை பொறந்தா நம்ம அருள்குமாருக்கே முடிச்சுப்போடலாம். என்ன அம்மிணி?"

அருள்குமார் அவருக்கு ஒற்றைப் பிள்ளை. வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்கள். சரியென்றால், கூடப் பிறந்தவன் குடும்பத்துக்கே துரோகம்.

லோகப்பிரியா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் ஆகவே இல்லைன்னு மாமாகிட்ட நானே சொல்லிப்போடறேன். எனக்கு என்னன்னு நீயாவது சொல்லும்மா."

வள்ளியாத்தாள் தட்டிலிருந்த உளுந்தங்களியை உருட்டி மகள் வாயில் திணித்தாள். ஆத்தா ஆசையாக ஊட்டுகிறாள் என்று பெண்கள் சிரித்தார்கள். கண் பிதுங்க விழுங்கிவிட்டு அந்தப் பிள்ளை மறுபடி வாயைத் திறந்தது. அடுத்த உருண்டையைத் திணித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் வள்ளியாத்தாள் சொன்னாள்:

"நீங்க சொன்னாச் சரிங்கண்ணா."